ஹாலிஸ் கிரேனின் இரண்டாம் வாசிப்பு

கார்னெல் விட்லோவின் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு இடத்தில். ஆம்ப்ரோஸ் கெய்ன்ஸ் தொகுத்த டிட்ராய்ட் ஜாஸ் பதிவுப் பட்டியலில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அடிக்குறிப்பில். விட்லோ முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் மற்றவர்களின் பெயர்களைப் படித்துப் பிரித்துப் போட்டவர். தன் பெயர் மற்றவர்கள் படிக்கும்படி எங்காவது இருந்தது அதுதான் முதல் முறை.

குறிப்பு ஹாலிஸ் கிரேன் என்ற சாக்ஸபோன்காரரைப் பற்றியது. கிரேன் 1958இல் ஒரே ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். முந்நூறு பிரதிகள். பிறகு கார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார், ஓய்வு பெற்றார், இறந்தார். இன்று இருப்பதாகத் தெரிந்த பிரதிகள் ஆறு. ஒன்று கெய்ன்ஸிடம். இன்னொன்று விட்லோ எடுத்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஹாம்ட்ராம்க்கில் ஒரு பல் மருத்துவர் இறந்து, வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன. சலவை இயந்திரத்துக்குப் பின்னால் கிடந்தது தட்டு.

கெய்ன்ஸ் அப்போது வந்து அதைப் போட்டுக் கேட்டார். முப்பது வருடம் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். ஓட்டப்பந்தயக் கடிகாரம் இல்லாமல் எங்கும் போக மாட்டார். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, தன் பிரதியில் ஐந்து நிமிடம் பத்து நொடி. விட்லோவின் பிரதியில் நாலு நிமிடம் ஐம்பத்திரண்டு. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் கீறியிருந்த எண்ணும் வேறு. அங்கே ஒன்று, இங்கே இரண்டு. கெய்ன்ஸ் எழுந்து விட்லோவின் கையைக் குலுக்கினார்.

அடிக்குறிப்பு பதினொரு வரி. இந்தப் பாட்டுக்கு இரண்டாம் வாசிப்பு ஒன்றும் உண்டு, முதலாவதைவிடப் பதினெட்டு நொடி குறைவு, கிரேன் அதில் பொறுமையற்றவராக, ஏறக்குறைய கோபக்காரராக ஊதுகிறார், கண்டுபிடித்தவர் கார்னெல் விட்லோ.

இதுவரை அந்தப் பட்டியல் ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேபிள் அடித்த புத்தகம். நாற்பது பேரிடம் இருந்தது. இப்போது ஆன் ஆர்பரில் ஒரு பதிப்பாளர் கெட்டி அட்டை போட்டு அச்சடிக்கப்போகிறார். நூலகங்களுக்குப் போகும். அக்டோபர் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, அச்சுக்குப் போகிறது.

அதற்கு முந்தைய ஞாயிறு சங்கம் விட்லோ வீட்டில் கூடியது.

சங்கத்துக்குப் பெயர் கிடையாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மூன்று மணி, யாராவது ஒருவரின் நிலவறை. விதிகள் உண்டு. அந்த மாதம் கண்டெடுத்ததைக் கொண்டுவர வேண்டும். உறையைக் காட்டக் கூடாது. தலையணை உறைக்குள் போட்டு எடுத்துவர வேண்டும். தட்டு ஓடும்போது பேசக் கூடாது. எண்ணெய்ப் பலகாரம் கூடாது. பத்துப் பிரதிக்குக் குறைவாக உள்ள தட்டு மட்டும் வீட்டை விட்டு நகராது. அது காரில் ஏறாது. கேட்க வேண்டியவர்கள்தான் அதைத் தேடி வர வேண்டும். இந்தக் கடைசி விதியைப் போட்டவர் கெய்ன்ஸ். அவருடைய கிரேனும் விட்லோவின் கிரேனும் ஒரே அறையில் இருந்ததில்லை.

அன்று நாலு பேர். விட்லோ, கெய்ன்ஸ், முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ரூஃபஸ் டிப்ஸ், புதிதாகச் சேர்ந்த டெல்ஃபின் ஓக்ஸ். டெல்ஃபின் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். இருபத்தாறு வருடமாக ஒரே சர்ச், ஒரே ஆர்கன்.

டிப்ஸ் தலையணை உறையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“ஸ்கேட்டிங் அரங்கம் ஒண்ணு மூடுறாங்க, லிவர்னாய்ஸ் பக்கம். சாமான் ரூம்ல பதினேழு பெட்டி. பதினாறரைப் பெட்டி கிறிஸ்துமஸ் பாட்டு.”

“மீதி அரைப் பெட்டி?” என்றார் கெய்ன்ஸ்.

“அதுவும் கிறிஸ்துமஸ்தான். இது ஒண்ணு மட்டும் அடியில ஒளிஞ்சிருந்துச்சு. என்னப் பாத்து ‘ரூஃபஸ், காப்பாத்து’ன்னு சொல்லுச்சு.”

“போன மாசமும் ஒண்ணு அப்படித்தான் சொன்னதா சொன்ன. கேட்டா அது போல்கா டான்ஸ் பாட்டு.”

“வாத்தியாரே, அந்தப் பேச்ச விடுங்க.”

விட்லோ தட்டை வாங்கி பிளேயரில் வைத்தார். ஆர்கனும் சாக்ஸபோனும் சேர்ந்து ஒரு பழைய தேவாலயப் பாட்டை எடுத்து, இரண்டு சுற்று மரியாதையாக வாசித்துவிட்டு, மூன்றாம் சுற்றில் மதுக்கடைக்குள் நுழைந்தன. டெல்ஃபின் மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். முழங்காலின் மேல் வலது கையின் இரண்டு விரல்கள் ஏதோ கட்டையை அழுத்தின, நின்றன, பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தன.

முடிந்ததும் டிப்ஸ் பெருமூச்சு விட்டார். “பாத்தீங்களா? எங்க வீட்ல போட்டா தூங்கி வழியுது. இங்க வந்தா எந்திரிச்சு ஆடுது. அண்ணே, நான் ஊசி மாத்திட்டேன், ஒயர் மாத்திட்டேன். ஒண்ணும் வேலைக்காகல. உங்க மிஷின்ல என்னதான் வெச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. தொடச்சு வெப்பேன்,” என்றார் விட்லோ.

விட்லோவின் பிளேயருக்கு உயிர் இருக்கிறது என்பது சங்கத்தில் ஒப்புக்கொண்ட விஷயம். எந்தத் தட்டும் அவர் வீட்டில் ஒரு துள்ளலோடு ஓடும். ஏன் என்று யாரும் நோண்டியதில்லை. அடுத்தவர் பிளேயரைச் சோதிப்பது, விருந்துக்குப் போன வீட்டில் அடுப்பிலிருக்கும் சட்டியைத் திறந்து பார்ப்பது போல.

கடைசியாக ஹாலிஸ் கிரேன். டெல்ஃபின் அதைக் கேட்டதில்லை. அவருக்காகவே விட்லோ எடுத்தார். கையைத் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, வைத்தார். நாலு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி யாரும் அசையவில்லை.

“ஏழு கட்டையில வாசிக்கிறாரு,” என்றார் டெல்ஃபின்.

“அப்படின்னா?” என்றார் டிப்ஸ்.

“சுருதி. ஏழு கட்டை. இந்த மாதிரிப் பாட்ட சாக்ஸபோன்காரங்க யாரும் ஏழு கட்டையில எடுக்க மாட்டாங்க. விரல் சுளுக்கிக்கும். ஆறரையில எடுப்பாங்க.”

கெய்ன்ஸ் முன்னால் சாய்ந்தார். “எங்கிட்ட இருக்கிறதுல ஆறரைதான். என் பொண்ணு பியானோவுல வாசிச்சுப் பாத்திருக்கா.”

“அப்படியா,” என்றார் டெல்ஃபின்.

“அப்ப ரெண்டாவது தடவ சுருதிய ஏத்தியிருக்கான்! அரைக் கட்டை! வேணும்னே!” கெய்ன்ஸ் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார். “சிஸ்டர் ஓக்ஸ், இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியுமா? கஷ்டம்னு தெரிஞ்சே ஏத்தியிருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள சேத்துடலாம்.”

“மனுஷன் கிறுக்கன்தான்,” என்றார் டிப்ஸ் மரியாதையோடு.

டெல்ஃபினின் பார்வை பிளேயரின் மேல் இருந்தது. விட்லோ அதைப் பார்த்தார்.

கிளம்பும்போது டெல்ஃபின் நிலவறைப் படியில் நின்று கையுறையை மாட்டினார். மற்ற இருவரும் வெளியே கார் பக்கம் போய்விட்டார்கள்.

“மிஸ்டர் விட்லோ, டிப்ஸ் போட்டாரே, அந்தப் பாட்டு. நாங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாசிக்கிறது. காலையிலகூட வாசிச்சேன். நாலு கட்டை.”

“சரி.”

“இங்க நாலரையில கேட்டுச்சு.”

விட்லோ திரும்பி, கீழே பிளேயர் இருந்த பக்கம் பார்த்தார்.

“எல்லாருமா அரைக் கட்டை ஏத்தி வாசிக்கிற கிறுக்கனுங்க?” என்றார் டெல்ஃபின். “ஆப்பிள் பை நல்லா இருந்துச்சு. உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க.”

விட்லோ திரும்பக் கீழே போனார். ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துச் சுழலும் தட்டின் ஓரத்தில் ஒட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்தார். ஒரு நிமிடத்துக்குக் காகிதம் முப்பத்து மூன்று முறையும் கொஞ்சமும் சுற்றி வர வேண்டும். முப்பத்தைந்து முறையும் கொஞ்சமும் வந்தது. மறுபடி எண்ணினார். எண்ணுவதில் அவர் தவறுகிறவர் அல்ல.

சுழலும் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். மோட்டாரின் சின்னச் சக்கரத்திலிருந்து ரப்பர் வார் ஒன்று தட்டைச் சுற்றிப் போகிறது. இரண்டரை வருடத்துக்கு முன் வசந்தத்தில் அந்த வார் வழுக்க ஆரம்பித்தது. புது வார் வரும்வரை என்று, பிடிப்புக்காக, சக்கரத்தின் மேல் பார்சல் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார். வழுக்குவது நின்றது. புது வார் வாங்க வேண்டியிருக்கவில்லை. டேப் இன்னும் அங்கேயே இருந்தது. நல்ல டேப்.

இரண்டு சுற்று டேப். சக்கரம் ஒரு முடியளவு பருத்தால் தட்டு எவ்வளவு வேகமாக ஓடும் என்று தபால் உறையின் பின்னால் கணக்குப் போட்டார். ஐந்து நிமிடம் பத்து நொடிப் பாட்டு எவ்வளவு ஆகும் என்றும் போட்டார். நாலு நிமிடம் ஐம்பத்திரண்டு.

மேலே சமையலறையில் அவர் மனைவி இமோஜீன் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இமோ, நம்ம பிளேயர் வேகமா ஓடுதா?”

“ஆமா.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“ரெண்டு வருஷமா அதுல பாடுற ஒவ்வொருத்தனும் ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டுப் பாடுற மாதிரியே பாடுறான். நாந்தான் சொன்னேனே.”

“எப்ப சொன்ன?”

“சொன்னேன். நீ ‘உயிரோட்டம்’னு சொன்ன. சரி, மனுஷன் சந்தோஷமா இருக்கான்னு விட்டுட்டேன்.”

திங்கட்கிழமை விட்லோ நிலவறைக்குப் போகவில்லை. யோசித்துப் பார்த்ததில் விஷயம் அவ்வளவு மோசமில்லை. டெல்ஃபின் வாயைத் திறக்கிற ஆள் அல்ல. இமோஜீன் பதிவுப் பட்டியல் படிக்கிற ஆள் அல்ல. கிரேன் இறந்துவிட்டார். டேப்பை ஆயுள் முழுக்க எடுக்காமல் இருந்தால் போதும். அதோடு, அந்தத் தட்டு இந்த வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அதற்கு ஏற்கெனவே விதி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கெய்ன்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“புதுக் குறிப்பு தயார். அச்சுக்காரன்கிட்ட சண்ட போட்டுப் பதினேழு வரி வாங்கியிருக்கேன். பதினேழு. பக்கம் பூரா நகத்தி வெச்சிருக்கான். கேளு.”

படித்தார். ஹாலிஸ் கிரேன் இரண்டாம் வாசிப்பில் சுருதியை அரைக் கட்டை ஏற்றியது அந்தக் காலத்து டிட்ராய்ட்டில் வேறு யாரும் செய்யாத துணிச்சல். முதல் வாசிப்பில் அவர் ஒரு வேலைக்காரர். இரண்டாவதில் ஒரு கலகக்காரர். இந்த வேறுபாடு வெளிப்பட்டது கார்னெல் விட்லோவின் கூரிய செவியால்.

“கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க,” என்றார் விட்லோ.

“கார்னெல் விட்லோவின் கூரிய செவியால்.”

“அந்த ‘கூரிய’ வேண்டாமே.”

“தன்னடக்கம் போதும். எழுதியாச்சு.”

விட்லோ அன்று இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்தார். தன் பெயர் மட்டும் இருந்தவரை அதனோடு வாழ முடியும் போலிருந்தது. காதையும் சேர்த்ததுதான் உறுத்தியது. புதன்கிழமை முழுக்க உறுத்தியது.

வியாழக்கிழமை காலை அவர் கிரேன் தட்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, துண்டில் சுற்றி, காரின் முன் இருக்கையில் வைத்து, இருக்கை வாரையும் மாட்டினார். செவன் மைல் சாலையில் இருபத்தைந்து மைல் வேகத்தில் போனார். பின்னால் வந்தவர்கள் சொன்னதெல்லாம் ஹாரனில் கேட்டது.

கெய்ன்ஸ் கதவைத் திறந்தார். விட்லோவின் கையைப் பார்த்தார். குளிரில் குழந்தையைச் சட்டையில்லாமல் தூக்கி வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“என்ன காரியம் பண்ணிட்ட?”

“உள்ள விடுங்க வாத்தியாரே.”

விட்லோ நின்றபடியே சொன்னார். டேப், இரண்டு சுற்று, முப்பத்தைந்து முறை, நாலரைக் கட்டை. அவர் முடித்ததும் கெய்ன்ஸ் தன் பிளேயரின் வேகத்தைக் கோடு போட்ட சோதனை அட்டையை வைத்து முதலில் சரிபார்த்தார். சரியாக இருந்தது. தன் பிரதியைப் போட்டார். பிறகு விட்லோவின் பிரதியைப் போட்டார்.

ஐந்து நிமிடம் பத்து நொடி. ஐந்து நிமிடம் பத்து நொடி. இரண்டிலும் மூன்றாவது நிமிடத்தில் டிரம்ஸ்காரர் ஒரே இடத்தில் இருமினார்.

“மறுபடி போடு,” என்றார் கெய்ன்ஸ்.

விட்லோ போட்டார். டிரம்ஸ்காரர் இருமினார்.

“அப்ப அந்த நம்பர்? ஒண்ணு, ரெண்டு?”

“தட்டு அடிக்கிற அச்சு கெட்டா புது அச்சு எடுத்து நம்பர மாத்துவாங்க. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க.”

“நாந்தான் சொன்னேன்.” கெய்ன்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். “‘கலகக்காரர்’னு எழுதியிருக்கேன், கார்னெல்.”

“கேட்டேன்.”

“‘ஏறக்குறைய கோபக்காரர்’னு எழுதியிருக்கேன். ரெண்டு வருஷமா நாற்பது பேரு அதப் படிச்சிருக்காங்க. சிகாகோவுல ஒருத்தர் அந்தக் கோபத்தப் பத்தி எனக்கு நாலு பக்கம் கடிதம் போட்டாரு.”

“தெரியும்.”

“யார் யாருக்கு இது தெரியும்?”

“சிஸ்டர் ஓக்ஸுக்கு.”

“வெளிய சொல்லுவாங்களா?”

“மாட்டாங்க.”

“அதுதான் தொந்தரவு,” என்றார் கெய்ன்ஸ். “சொல்றவங்களா இருந்தா மறுத்துப் பேசலாம்.”

கொஞ்ச நேரம் இருவரும் மூன்றாவது முறை ஓடுவதைக் கேட்டார்கள். விட்லோ அதை அந்த வேகத்தில் அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டார். இரண்டு வருடமாக அவர் வீட்டில் ஊதிய ஆள் அவசரக்காரர். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர். இந்த ஆளுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு வரியை ஊதிவிட்டு நிறுத்துகிறார். அடுத்தது வேண்டுமா என்று யோசிக்கிறார். பிறகுதான் ஊதுகிறார். விட்லோவுக்கு இவரை அவ்வளவு பழக்கமில்லை.

“என் பேர எடுத்துடுங்க,” என்றார். “குறிப்பையும் எடுத்துடுங்க.”

“முடியாது.”

“ஏன் முடியாது?”

“பதினேழு வரி, கார்னெல். பக்கம் கோத்தாச்சு. பதினேழு வரிய எடுத்தா புத்தகம் பூரா மேல ஏறும். பின்னாடி இருக்கிற பெயர் அகராதி மொத்தமும் தப்பாயிடும். நாளைக்குக் காலைல அச்சு. குறைக்கக் கூடாது, கூட்டக் கூடாது. பதினேழு.”

ஆக அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதினேழு வரி எழுதினார்கள். உண்மையைச் சொல்லி முடிக்க ஆறு வரிதான் ஆயிற்று. டேப்பைப் பற்றி விளக்கமாக எழுதினார்கள், ஒன்பது ஆயிற்று. டேப்பின் அகலத்தைச் சேர்த்தார்கள், பதினொன்று. சங்கத்தின் விதியைப் பற்றிக் கெய்ன்ஸ் இரண்டு வரி எழுதினார்; அதில் அந்த விதியைப் போட்டது தான் என்று ஒப்புக்கொண்டார். டெல்ஃபினைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெயரைப் போடலாமா என்று கேட்டார்கள். “நான் ஆப்பிள் பையத்தானே பாராட்டினேன்,” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். இன்னும் நாலு வரி இருந்தது. ஒவ்வொரு முறையும் ‘அவர்’ என்று வந்த இடத்தில் ‘கார்னெல் விட்லோ’ என்று மாற்றினார்கள். அதில் ஒரு வரி நிரம்பியது. மீதி மூன்றில் கெய்ன்ஸ் தன் சார்பில் வருத்தம் தெரிவித்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அது சரியாக மூன்று வரிக்கு வந்தது.

பிப்ரவரியில் புத்தகம் வந்தது. அந்த மாதம் சங்கம் டிப்ஸ் வீட்டில் கூடியது. கெய்ன்ஸ் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தார். டிப்ஸ் நேரே இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போய், அடிக்குறிப்பை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“இல்லாத வாசிப்ப இருக்குன்னு சொன்னது கார்னெல் விட்லோ. அது இல்லன்னு சொன்னதும் கார்னெல் விட்லோ. டேப் ஒட்டினது கார்னெல் விட்லோ. தட்ட எடுத்துட்டு வந்து நிரூபிச்சது கார்னெல் விட்லோ.” தலை நிமிர்ந்தார். “வாத்தியாரே, இதுல நாலு தடவ இருக்காரு. ஹாலிஸ் கிரேனே மூணு தடவதான்.”

“வரி நிரப்ப வேண்டியிருந்துச்சு,” என்றார் கெய்ன்ஸ்.

“என் பேரு எந்தப் பக்கம்?”

“நீ எதையும் கண்டுபிடிக்கலயே, ரூஃபஸ்.”

“இவரும் கண்டுபிடிக்கலயே! அதத்தான இங்க பதினேழு வரி போட்டிருக்கு?”

விட்லோ பிஸ்கட் எடுத்துக்கொண்டார். நூலகங்களில் இதைத் திறக்கப்போகிறவர்களை நினைத்துப் பார்த்தார். தபால் நிலையத்தில் எத்தனையோ பெயர்களை அவர் கெட்டிக்காரர்களா முட்டாள்களா என்று கேட்காமல்தான் படித்தார். முகவரி சரியாக இருந்தால் போதும்.

டிப்ஸ் புத்தகத்தை மூடினார். தலையணை உறையிலிருந்து தன் தட்டை எடுத்துப் போட்டார். ஒரு பாதாளக் குரல்காரர் பாட ஆரம்பித்தார். டிப்ஸ் பாட்டைக் கேட்கவில்லை. டெல்ஃபினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஊசியைத் தூக்கினார்.

“சொல்லுங்க சிஸ்டர்.”

“ஒண்ணுமில்ல. நல்ல பாட்டு.”

“எவ்வளவு நல்ல பாட்டு? மூஞ்ச ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?”

டெல்ஃபின் கெய்ன்ஸைப் பார்த்தார், விட்லோவைப் பார்த்தார். “முழுசா ரெண்டு கட்டை இறங்கியிருக்கு,” என்றார். “பாடுறது ஆம்பளை இல்ல, பொம்பளை.”

டிப்ஸின் முகத்தில் மெதுவாக வெளிச்சம் பரவியது.

“வாத்தியாரே, எழுதிக்குங்க.”

“அடுத்த பதிப்பு வர ஆறு வருஷமாவது ஆகும்.”

“அதுவரைக்கும் அப்படியே வெச்சிருப்பேன்,” என்றார் டிப்ஸ். “மிஷின்ல எங்கயும் கை வெக்க மாட்டேன்.”